“பொம்பளைங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க” என்னும் உற்பத்தி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், திண்டுக்கல் வட்டார ஆயத்த ஆடை ஆலைகளின் உற்பத்தி மேலாளர்களுக்கு வணக்கம்.

ஆல்டர் பீஸ் (தையல் பிழையால் திருத்தத் திரும்பும் பீஸ்) குவிந்துவிட்டால் உங்கள் அறையில் முதலில் கேட்கும் பேச்சு, மேலே தலைப்பில் உள்ளதுதான். அடுத்த வாரமே பெண் டெய்லர்களுக்குத் ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’ நடத்தச் சொல்லி எங்களைக் கூப்பிடுகிறீர்கள். எந்த மெஷின் தையல் விடுகிறது, எந்தப் பண்டலில் ஷேடு மாறியிருக்கிறது என்று கம்பெனி பஸ்ஸில் அவர்கள் பேசாத நாளில்லை. சூப்பர்வைசரிடம் மட்டும்தான் சொல்வதில்லை.

காரணம் அவர்களுக்குக் கிடைக்கும் பதில். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டால் ஆண் டெய்லர், “அண்ணே, லூப்பரைக் கொஞ்சம் பாருங்க” என்று மெக்கானிக்கை நேராகவே கூப்பிடுவார். இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். பெண் டெய்லர் சூப்பர்வைசர் வழியாகப் போக வேண்டும். “உனக்கு ஓட்டத் தெரியல, மெஷினைச் சொல்றியா?” என்று லைன் (ஒரே ஆடையைப் பகிர்ந்து தைக்கும் வரிசை) முழுக்கக் கேட்கும்படி பதில் வரும். இரண்டு முறை இதைக் கேட்டவர் மூன்றாம் முறை பேசாமல் தைப்பார். சில நிமிடத்தில் ஊசி மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, மாலையில் செக்கிங் டேபிளில் மூட்டையாக நிற்கும்.

டார்கெட் விஷயத்திலும் இதே கோளாறுதான். 20 பேர் லைன், ஒரு டீ-சர்ட்டுக்கு 8 நிமிட வேலை என்றால் மணிக்கு 150 பீஸ். அதுவும் ஒரு நொடி வீணாகாவிட்டால். 60 சதவீதத் திறனில் 90தான் வரும். போர்டில் 130 எழுதி “முடியுமா?” என்றால் ஆண்கள் பேரம் பேசுவார்கள். பெண்கள் “சரி சார்” என்பார்கள். அந்தச் ‘சரி’ திட்டு வாங்காமல் தப்பிக்கச் சொன்னது. அதை நம்பி ஷிப்மெண்ட் தேதி கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் இரவு வேலை போடுகிறீர்கள். ‘முடியுமா’வை விட்டுவிட்டு, “எந்த ஆபரேஷன்ல பீஸ் தேங்குது? காலர்லயா, கை ஏத்துறதுலயா?” என்று கேளுங்கள். பதில் உடனே வரும்.

மாற்ற வேண்டியது சூப்பர்வைசரின் பழக்கத்தை. காலையில் மெஷின் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் லைன் மீட்டிங், சம்பள நேரத்துக்குள்ளேயே. பேச்சை ஒருநாள் லைனின் தலையிலிருந்தும் மறுநாள் கடைசியிலிருந்தும் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முன்வரிசை ஆட்களே பேசி முடிப்பார்கள். தவறைக் காட்டும்போது பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, மெஷினுக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரம் தள்ளி நின்று பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றால் சொல்வது காதில் ஏறாது. ஆண்களுக்கு ‘வாங்க’, வயதில் மூத்த அக்காவுக்கு ‘வாடி’ என்பதற்கு என்ன நியாயம்? ஒரே மரியாதை வையுங்கள். மெஷின் கோளாறுக்கு ஒவ்வொரு டேபிளிலும் சிவப்புக் கொடி. தூக்கினால் மெக்கானிக் நேராக வர வேண்டும். ஸ்டைல் மாற்றத்தை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். சூப்பர்வைசரிடம் நம்பர் கொடுக்கப் பல பெண்கள் தயங்குகிறார்கள், தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. போர்டில் எழுதுங்கள்.

கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கும் முறை எங்களைப் பொறுத்தவரை அசிங்கம். இளவயது ஆண் சூப்பர்வைசரிடம் கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காமல் உட்காருகிறார்கள். சிறுநீர்த் தொற்று வருகிறது, லீவு போடுகிறார்கள். எழுந்து போகிறவர் இடத்தில் உட்கார லைனுக்கு ஒரு மாற்று டெய்லர் இருந்தால் போதும், டோக்கன் வேண்டாம்.

ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களிடம் உங்கள் சூப்பர்வைசர்களுக்குத் தெரிந்த இந்தி ‘ஜல்தி ஜல்தி’தான். கோளாறைச் சொல்ல வேண்டிய பத்து வாக்கியங்களை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி மெஷினருகில் ஒட்டுங்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்தாக வேண்டும். பாலியல் தொனியுள்ள பேச்சும் அச்சட்டப்படி பாலியல் துன்புறுத்தல்தான். ஆலைகளில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தளத்தில் வைத்தது. உங்கள் ஆலையிலும் அப்படிச் சிலரைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும். ஹெச்.ஆர். அறை வாசலில் கேமராவுக்குக் கீழே தொங்கும் புகார்ப் பெட்டியைக் கழற்றிப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் மாட்டுங்கள். சாவி உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் தளப் பயிற்சியாளர்கள்