செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம்.

அப்புறம், 'ரஜுலா' கப்பல் படக் கண்காட்சி. "நமக்கு எதற்குக் கப்பல்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கப்பல் கட்டும் தளத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காகக் கட்டிய நீராவிக் கப்பல். சென்னையில் கிளம்பி, நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். ஆழம் போதாததால் கரைக்கு வராது. படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். டெக்கில் பாய் விரித்த இடம்தான் சொந்த இடம். இதன் ஜோடிக் கப்பல் 'ரோனா' 1943 நவம்பரில் அல்ஜீரியா அருகே ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டில் மூழ்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ரஜுலாவும் யுத்தத்துக்குப் போனதுதான், ஆனால் திரும்பி வந்து 1973 வரை இதே தடத்தில் ஓடியது. பிறகு இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, 'ரங்கத்' என்று அந்தமான் ஊர் ஒன்றின் பேரை வைத்தது. அந்தப் பேர் நிலைப்பதற்குள் உடைக்கப் போய்விட்டது.

உறுப்பினர்களில் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். கேள்வி கேட்டவர்கள் அதில் இல்லை. உறுப்பினரல்லாத ஒரு பாட்டி பேரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்தில் கப்பலின் பின்பக்கத்தில் விரலை வைத்து, "இங்கதான் பாய் போட்டோம். ராத்திரியெல்லாம் வெங்காய வாடை" என்றார். விரல் பட்ட தடம் கண்ணாடியில் இருக்கிறது, நான் துடைக்கவில்லை.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. படம் பெரிதாக்கிய செலவில் ஒரு பகுதி என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, பதிவில் இருக்கட்டும். மூன்று வருடமாகச் சந்தா கட்டாதவர்களின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. இந்த முறை வாசிக்கப்போவதில்லை.

மண்டபம் தந்தவருக்கும், பந்தல்காரருக்கும், தேநீர் போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

படங்கள் இப்போது என் வீட்டு மாடியறையில் இருக்கின்றன. அங்கே ஒழுகும். ஐப்பசி அடைமழைக்குள் யாராவது ஒரு பழைய பீரோ கொடுத்தால் நல்லது. செயலாளர் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றால், சரி, சாவி சட்டைப்பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்