செயலாளர் ஆண்டறிக்கை: வரலாற்று ஆய்வு நிறுவன அகப்பக்கச் சோதனை

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பொங்கல் விழாவும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான கல்வி நிதியும் குறையின்றி நடந்தன. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பவேண்டிய ஆவணங்கள் காலத்தோடு போய்ச் சேர்ந்தன. சந்தா பாக்கி வைத்திருப்போர் யார் என்பது அவரவருக்கே தெரியும்.

இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியை வேறொரு வேலை எடுத்துக்கொண்டது. பினாங்கில் இயங்கும் வரலாற்று ஆய்வு நிறுவனம் ஒன்று தன் அகப்பக்கத்தைப் புதுப்பிக்கிறது. தோட்டப் பதிவேடுகள், கப்பல் பயணிகள் பட்டியல்கள், பழைய தமிழ் இதழ்கள் எனப் பலவற்றை மின்படுத்தி வைத்திருந்தும் தமிழர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே, ஏன் என்று நம்மிடம் கேட்டார்கள். 'உங்களவர்களுக்கு ஆர்வமில்லை போலும்' என்ற பதிலையும் அவர்களே கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அதை நம்பிவிடாமல் சோதித்துப் பார்ப்போம் என்று செயலவை முடிவெடுத்தது.

அகப்பக்கப் பயன்பாட்டைச் சோதிக்க நூற்றுக்கணக்கானோர் தேவையில்லை. ஐந்து பேரை உட்காரவைத்தாலே ஏறக்குறைய 85 விழுக்காட்டுக் குறைகள் வெளியே வந்துவிடும் என்று அகப்பக்கப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பயன்படுத்துவோர் இரண்டு வகையினர் என்றால் வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். நமக்கும் இரண்டு வகைதான்: பூர்வீகம் தேடும் பெரியவர்கள், ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே, அவரவர் கைப்பேசியோடோ கணினியோடோ உட்காரவைத்தோம். 'ரஜூலா கப்பலைப் பற்றிய ஆவணம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்' என்பதுபோலச் சில வேலைகளைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னோம். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது என்பது விதி. நம் ஆட்களுக்கு இதுதான் பெருஞ்சோதனை. 'அங்கே இல்லைண்ணே, மேலே பாருங்க' என்று வாய் தவறியவர்களை அடுத்த அறைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

கண்டதைச் சொல்கிறேன். முகப்பில் ஜார்ஜ்டவுனின் அழகிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த ஊர், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கைப்பேசியில் அந்தப் படங்களே திரையை அடைத்துக்கொள்வதால் தேடல் பெட்டி கீழே போய்விடுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேடல் வசதியே இல்லை என்று முடிவுகட்டி, 'எங்களைப் பற்றி' என்ற பகுதியை முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார். எழுத்துகளோ வெள்ளைமேல் வெளிர்சாம்பல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட அணுகல் நெறி. இங்கே அது இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பழகிய மாணவர்களும் கண்ணைச் சுருக்கினார்கள்.

தேடல் பெட்டியைக் கண்டுபிடித்த பிறகும் பாடு தீரவில்லை. பழைய ஆவணங்களில் பிட் ஸ்ட்ரீட் என்றிருப்பது இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். கிரீன் லேன் இன்று ஜாலான் மஸ்ஜித் நெகிரி. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்ற பெயர் மாணவர்களுக்குத் தெரியாது, செபராங் பிறை என்றுதான் தட்டுகிறார்கள். புதுப்பெயரைக் கொடுத்தால் பழைய ஆவணம் வருவதில்லை. ஆள் பெயர் இன்னும் மோசம். அந்நாளைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிவைத்த முத்துசாமிகளுக்குள் ஒருவருக்கு 'யு', இன்னொருவருக்கு இரட்டை 'ஓ'. ஓரெழுத்து மாறினாலும் 'முடிவு எதுவுமில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். இந்தப் பெயரையா தேடுகிறீர்கள் என்று கேட்கிற பழக்கம் அந்த அகப்பக்கத்துக்கு இல்லை.

தமிழ்ப் பகுதியில் வேறொரு கோளாறு. சில கட்டுரைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அப்படியே கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ரோமன் கிறுக்கல். தேடினால் அகப்படாது, நகலெடுத்தால் குப்பையாக வரும். கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை முத்து நெடுமாறன் 1980-களிலேயே உருவாக்கிய நாட்டில் இப்படி ஒரு நிலை! தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்று ஒரு மாணவி கேட்டார். நிறுவனத்துக்குக் கொடுத்த சோதனை அறிக்கையில் அக்கேள்வியை அப்படியே சேர்த்திருக்கிறோம்.

ஆவணத்தின் நகல் கேட்கும் படிவம் தனிக்கதை. அடையாள அட்டையில் உள்ளபடி நடுவில் கோடிட்டு 12 இலக்கங்களை எழுதினால் அது ஏற்காது. எது தவறு என்றும் சொல்லாது. நிரப்பியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி வெறும் படிவத்தை நீட்டும். அந்த இடத்தில் ஒருவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'நேரிலேயே போய்க் கேட்டுக்கிறேன் தம்பி' என்றார்.

சோதனை முடிந்ததும், பயன்படுத்த எளிதா என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் வகுத்த பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை போட வேண்டும். அதில் ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் இருக்கும். மொத்த மதிப்பெண் நூற்றுக்கு, சராசரி 68 என்பார்கள். நமக்குக் கிடைத்தது அதற்குக் கீழே. மூத்த உறுப்பினரான அம்மா ஒருவர், 'கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க, குறை சொன்னா நல்லாவா இருக்கும்' என்று பத்துக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டார். கணக்குப் பார்த்தால் சரியாக 50 வந்தது. பாராட்டும் ஐந்து, குறையும் ஐந்து என்றால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டி நூற்றில் பாதிதான் வரும். வேலையைச் செய்துகாட்டச் சொன்னபோது அதே அம்மா முகப்பையே தாண்டவில்லை. மதிப்பெண்ணைவிட விரல் தடுமாறிய இடங்களையே அறிக்கையில் முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான். நம்மவர் வாயால் குறை சொல்லமாட்டார்கள், திரும்ப வராமல் இருந்துவிடுவார்கள். அதைத்தான் நிறுவனம் ஆர்வமின்மை என்று எழுதிவைத்துக்கொண்டது.

நிறுவனத்தார் அறிக்கையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். படிவம் சரியாகிவிட்டது, எழுத்தும் கறுத்திருக்கிறது. ஓடும் படங்களை மட்டும் விட மனமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய, புதிய தெருப்பெயர்களையும் பெயர்களின் எழுத்து வேறுபாடுகளையும் இணைத்துத் தேட ஒரு பட்டியல் கேட்டிருக்கிறார்கள். அதை நாம்தான் தொகுக்க வேண்டும். வீட்டில் பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கடப்பிதழ் வைத்திருப்போர் அதில் தங்கள் முன்னோர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் துணைச்செயலாளரிடம் எழுதிக்கொடுத்தால் போதும், மூலத்தைத் தர வேண்டாம்.

சோதனைக்கு ஆன செலவு தேநீரும் வடையும்தான். மற்ற கணக்குகளைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.