கொடிக்காரர் நினைவுப் படிப்பகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குன்னூர் ரயிலடியைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் 'கொடிக்காரர்' என்றால் தெரியாதவர் இல்லை. ரயில்வே பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். கடந்த தை மாதம் அவர் காலமானார். அவர் நினைவாக எங்கள் பகுதி மாணவர்களுக்கு ஒரு படிப்பகம் அமைக்க முடிவு செய்து, உங்கள் உதவியைக் கேட்டு இதை எழுதுகிறோம்.

கொடி எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயிலை எஞ்சின் இழுத்து வருவதில்லை. பின்னாலிருந்து தள்ளி வருகிறது. ஓட்டுநர் கண்ணுக்குப் பெட்டிதான் தெரியும், பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அடுத்த பெட்டிகளில் நிற்பவர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் காட்ட, சேதி எஞ்சினுக்குப் போய்ச் சேரும். கல்லாறு தாண்டியதும் பல் தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல் சக்கரம் பற்றி ஏறுவதற்காகப் பாதை நடுவே போட்ட பற்களுள்ள தண்டவாளம், தொடங்கிவிடும்; பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே பெட்டிக்குப் பெட்டி ஆள் நின்று, சக்கரத்துக்கு ஒன்றும் பல் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக்குகளைக் கவனித்தாக வேண்டும். கலாசியாக வேலைக்குச் சேர்ந்த நம்மவர் பிரேக்ஸ்மேனாகிப் பல்லாண்டு அந்த முகப்பில் நின்றார். பாதையிலுள்ள 16 குகைகளில் எதில் எந்த மழைக்கு நீர் ஒழுகும் என்பது அவருக்கு மனப்பாடம். 2005இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஊரே கொண்டாடியது. அவர் வழக்கம்போல டியூட்டிக்குப் போனார்.

வேலைக்குப் போகும்போது வெறுங்கையோடு போவார்; திரும்பி வரும்போது இரண்டு பைகள் இருக்கும். "கீழே போகிறேன், என்ன வேண்டும்?" என்று முந்தின நாள் மாலையே வாசல் வாசலாகக் கேட்டுவிடுவார். மேட்டுப்பாளையத்துக் கறிவேப்பிலையும் வாழை இலையும் வராத வீடு எங்கள் வரிசையில் இல்லை. பிரசவித்த பெண்ணுக்குப் பூண்டு, ஒரு பாட்டிக்கு முழங்கால் தைலம், ஒருமுறை யாரோ ஒருவருடைய நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு ரவிக்கை. சில்லறை பாக்கியை ஐம்பது காசு வரை எண்ணிக் கொடுப்பார். வாங்க மறுத்தால் கோபம் வரும்.

மனைவி அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் இருந்த மாதங்களில் வீட்டை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவருடைய இளைய மகள் எங்களிடம் சொன்னது இது: விடியற்காலையில் மண்ணெண்ணெய் தொட்டு விரலிடுக்கிலுள்ள பிரேக் மசியைத் துடைத்து, சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அப்பா சீப்பை எடுப்பாராம். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய சிவப்பு ரிப்பன். வகிடு மட்டும் கடைசிவரை அவருக்கு நேராக வரவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டுத் திண்ணை வகுப்பறையானது. ரயில்வே தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். கணக்கு அவருக்குப் பிடித்த பாடம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், உதகை 2,203 மீட்டர், நடுவில் 46 கிலோமீட்டர்; சராசரி ஏற்றம் எவ்வளவு என்பார். கணக்குப் போட்டால் இருபத்து நாலரைக்கு ஒன்று என்று வரும். "அப்படியானால் பன்னிரண்டரைக்கு ஒன்று எங்கே போயிற்று?" என்பது அடுத்த கேள்வி. கல்லாறு வரை கிட்டத்தட்டச் சமதரை, குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவு, இடையில்தான் அத்தனை செங்குத்தும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை விடமாட்டார். சராசரியைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எந்தக் கைடிலும் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

சிலை, ஃபிளெக்ஸ், அன்னதானம் என்று பல யோசனைகள் வந்தன. திண்ணை போய்விட்டதே, பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்று அவர் மனைவி கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

பச்சைத் தேயிலை எடை போட ஒரு காலத்தில் பயன்பட்ட கொட்டகை ஒன்று ஊர்ப் பொதுச் சொத்தாகச் சும்மா கிடக்கிறது. அதைப் பழுது பார்க்கப் போகிறோம். மலைப்பகுதியில் புதுக் கட்டட அனுமதிக்கு அலைவதைவிட இருக்கும் சுவரைக் காப்பாற்றுவது நல்லது. மொத்த மதிப்பீடு 5,80,000 ரூபாய். தகரக் கூரைக்கும் மரச் சட்டத்துக்கும் 2,10,000. சுவர், தரை, கதவுக்கு 1,40,000. மின் இணைப்பு, பாதையில் இரண்டு சோலார் விளக்குகளுக்கு 80,000. மேசை, பெஞ்சு, அலமாரிக்கு 75,000. புத்தகங்களுக்கும் முதலாண்டு மின் கட்டணத்துக்கும் 75,000. தொகை அதிகம் என்று தோன்றலாம். மணலும் ஜல்லியும் கீழிருந்து லாரியில் ஏற வேண்டும். ரோட்டிலிருந்து கொட்டகைவரை படிக்கட்டு என்பதால் எல்லாமே தலைச்சுமை.

பாதை விளக்கு ஆடம்பரம் அல்ல. இருட்டினால் காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து படிக்கட்டுக்கே வந்து நிற்கிறது. கதவும் கனமாகத்தான் போட வேண்டும். எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். ஆகவே திறப்பு விழாவில் ஏற்றும் குத்துவிளக்கு அன்றிரவே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

குடும்பத்தார் தந்ததும் அக்கம்பக்கத்தார் தந்ததுமாக இதுவரை 2,15,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. இன்னும் 3,65,000 வேண்டும். குன்னூரில் ஐப்பசி மழை பொல்லாதது. அதற்குள் கூரை ஏறிவிட வேண்டும். ஆகவே கூரைக்கான பணம் ஆவணிக்குள் கைக்கு வந்தால் உதவியாக இருக்கும். மற்றவற்றுக்குப் பொறுக்கலாம்.

அவருடன் பணியாற்றிய ரயில்வே ஓய்வூதியர்களையும், தேயிலை விலை கட்டுப்படியாகாமல் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகளையும் குறிப்பாகக் கேட்கிறோம். நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும், குழு உறுப்பினரிடமும்கூட, பணம் தராதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் பொருளாளரிடம் நேரில் பெற்றுக்கொள்ளலாம். வரவு செலவு மாதந்தோறும் ரேஷன் கடைப் பலகையில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகை கிடையாது, அதை முன்பே சொல்லிவிடுகிறோம். நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் எண்ணமும் இல்லை. அவர் பெயரே வாசல் பலகையில் 'கொடிக்காரர்' என்றுதான் இருக்கப் போகிறது.

புத்தகமாகத் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2018க்குப் பிறகு பள்ளிப் பாடத்திட்டம் மாறிவிட்டது. பரணில் கிடக்கும் பழைய கைடுகளைப் பழைய பேப்பர் கடைக்கே போட்டுவிட்டு, அந்தப் பணத்தை அனுப்பினால் மகிழ்வோம்.

உழைப்பாகத் தர விரும்புவோர் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வரலாம். மண்வெட்டியும் கடப்பாரையும் இருப்பவர்கள் கொண்டுவரவும். சும்மாடுத் துணி அவரவருடையது. டீயும் வர்க்கியும் குழுவின் செலவு.

இப்படிக்கு,
படிப்பகக் குழுவினர், குன்னூர்