பிலக்குடியிருப்புக் கொட்டிலில் எங்களோடு இருந்தவர்களுக்கு

அன்பான எல்லாருக்கும்,

2025 உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கட பக்கம் வாக்குக் கேட்டு வந்தவர்கள், எந்தக் கட்சியென்றாலும், வாயைத் திறந்ததும் காணியைப் பற்றித்தான் கதைத்தார்கள். அவர்களை அப்படிக் கதைக்க வைத்தது நீங்கள்தான்.

2017 ஜனவரி கடைசியில், முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் எங்கட பிலக்குடியிருப்புக் காணியைப் பிடித்து வைத்திருந்த விமானப்படை முகாமின் வாசலில், காணியைத் திருப்பித் தரச் சொல்லிப் போய்க் குந்தினபோது எங்களிடம் காணி உறுதியும் பிள்ளைகளும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தறப்பாள் கொண்டு வந்து கட்டித் தந்த தம்பிமார், பனிக்குள் விடியும்வரை எங்களோடு முழித்திருந்த அம்மாமார், சோற்றுப் பார்சலோடு வந்த முஸ்லிம் சகோதரர்கள், பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்த பல்கலைக்கழக மாணவர்கள், பாஷை விளங்காவிட்டாலும் தெற்கிலிருந்து பஸ் ஏறி வந்து பக்கத்தில் இருந்த சிங்களத் தோழர்கள், ஒருவரையும் நாங்கள் மறக்கவில்லை. மார்ச் 1ஆம் திகதி காணிக்குள் கால் வைத்தோம். அந்தப் பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட இருந்த தாய்மார்தான் எங்களுக்குப் பெரிய தெம்பு, அவர்களுக்குத் தனியாக நன்றி.

கட்சிக்காரர்களும் வந்தார்கள்தான். படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு, கடைசிவரை நின்றவர்களும் உண்டு. ஆனால் றோட்டில் கிடந்த சனம் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2015 பாராளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டத்து 6 ஆசனத்தில் 4 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது. 2020இல் அது 3. 2024இல் கூட்டமைப்பின் பெரிய கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சிக்கு 1, தேசிய மக்கள் சக்திக்கு 2. கூட்டமைப்பு உடைந்ததும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் வாக்கு எப்படியும் எங்களுக்குத்தான் விழும் என்ற நினைப்பை உடைத்தது இந்தக் கொட்டில்கள் என்றுதான் நான் நம்புகிறேன். தெற்கிலும் 2022 காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் பிறகுதானே 3 ஆசனத்தோடு இருந்த தேசிய மக்கள் சக்தி 159க்குப் போனது.

சரி, ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்திக்கும் அதே கணக்குத்தான். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு, உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி வந்தது, முல்லைத்தீவுக் காணியும் அதற்குள். மே மாதத் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி திரும்ப முன்னுக்கு வந்தது, வர்த்தமானியும் பிறகு மீளப் பெறப்பட்டது. அந்த நேரம் உறுதியைத் தேடி எடுத்து, வயதானவர்களுக்கு விளங்கப்படுத்தி, கடிதம் எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

கேப்பாப்பிலவில் மிச்சக் காணி இன்னும் இராணுவ முகாமுக்குள்தான் கிடக்கிறது. மாகாண சபைத் தேர்தல் வைத்தால் எல்லாரும் திரும்பவும் படலைக்கு வருவார்கள். உங்கட ஊருக்கு வருகிறவர்களிடமும் எங்கட காணியைப் பற்றி ஒருக்கால் கேளுங்கோ.