பழுதுபார்த்துத் தந்த லென்ஸை விற்கக்கூட முடியவில்லை: நான்காவது புகார்க் கடிதம்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பொருள்: 24-70 எஃப் 2.8 லென்ஸ். பழுதுபார்த்த பின்னும் தீராத குறை, மாறிப்போன வரிசை எண், அதனால் ஏற்பட்ட இழப்பு.

வணக்கம்.

இதற்கு முன் மூன்று கடிதங்கள் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "தங்கள் கருத்துக்கு நன்றி. விரைவில் தொடர்புகொள்வோம்." நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, புகார் செய்தேன். யாரும் தொடர்புகொள்ளவும் இல்லை. முந்தைய கடிதங்களில் பில், வாரண்டி அட்டை, பழுதின் வீடியோ எல்லாவற்றையும் இணைத்திருந்தேன். அவற்றை மீண்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். உங்களிடம் இருக்கின்றன.

குறை என்ன என்று உங்களுக்கே தெரியும். ஜூமை 24 மி.மீ.இல் வைத்தால் ஒழுங்காக இயங்கும் லென்ஸ், 50 மி.மீ.ஐத் தாண்டியதும் கேமராத் திரையில் பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடும். ஒளி நுழையும் துளையை எஃப் 2.8இல் முழுதாகத் திறந்து வைத்தால் படம் வரும். துளையை எஃப் 5.6க்குச் சுருக்கினால் அடுத்த நொடியே பிழை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் குழலுக்குள் மடிந்து விரிகிற அந்த மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிள் (வளையும் மின்பட்டை) விட்டுப்போனால் இப்படித்தான் ஆகும் என்பது லென்ஸைத் திறந்து பார்க்கும் எவருக்கும் தெரிந்த விஷயம். செய்தவர்களான உங்களுக்குத் தெரியாதா? ஆனால் உங்கள் தொலைபேசிச் சேவையில் பேசியவர் என்னை முதலில் மெமரி கார்டை மாற்றச் சொன்னார். பிறகு பேட்டரியை மாற்றச் சொன்னார். மூன்றாவது முறை அழைத்தபோது லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வளையமான மவுண்டில் உள்ள மின் தொடுமுனைகளைத் துடைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்றையும் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வாரம் போனது.

இந்த லென்ஸை நான் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தவில்லை. நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் தொழில். வேலை முடிந்ததும் லென்ஸைத் துடைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும்படி வைத்திருக்கும் உலர் பெட்டியில் வைப்பேன். கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, பூஞ்சை கிடையாது. உங்கள் சேவை மையமே தன் ரசீதில் "வெளித்தோற்றம் நன்று" என்று எழுதியிருக்கிறது. வெளியே நன்றாக இருப்பது உள்ளே 22 மாதத்தில் செத்துப்போனால் அது யாருடைய தவறு?

22ஆவது மாதத்தில் என்று குறிப்பாகச் சொல்கிறேன். வாரண்டி 24 மாதம். பழுது வந்த அதே வாரத்தில் உங்களை அழைத்தேன். கார்டை மாற்று, பேட்டரியை மாற்று என்று என்னை இழுத்தடித்து, அசல் பில் வேண்டும் என்று ஒருமுறை திருப்பி அனுப்பி, பாடி, அதாவது லென்ஸ் பொருத்தும் கேமரா, வேண்டும் என்று இன்னொருமுறை திருப்பி அனுப்பி, கடைசியில் லென்ஸை வாங்கிக்கொண்ட நாளில் "வாரண்டி முடிந்து 9 நாள் ஆகிவிட்டதே சார்" என்றார்கள். நான் அழைத்த தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். லென்ஸ் அவர்கள் கைக்கு வந்த தேதிதான் கணக்காம். கைக்கு வரவிடாமல் தடுத்ததே அவர்கள்தானே! கட்டணத்தைக் கட்டினால்தான் திறப்போம் என்றார்கள். கட்டினேன். அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பாடி இல்லையென்று திருப்பி அனுப்பிய அந்த இரண்டாவது பயணத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். முந்தைய நாள் தொலைபேசியில் "லென்ஸ் மட்டும் போதுமா?" என்று இரண்டு முறை கேட்டேன், "போதும்" என்றார்கள். கவுண்டரில் இருந்தவர், "பாடி இல்லாமல் எப்படிச் சோதிப்பது?" என்றார். லென்ஸ் செய்யும் நிறுவனத்தின் சேவை மையத்தில், உலகத்திலேயே அதிகம் விற்கும் மவுண்ட்களில் ஒன்றுக்குச் சோதிக்க ஒரு கேமரா பாடி இல்லையா என்று கேட்டேன். அவர் தன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பின்மூடியைக் கழற்றிக் காட்டுவதற்காகக் கொடுத்த லென்ஸை, மூடி போடாமலே மவுண்ட் கீழே இருக்கும்படி கண்ணாடி மேசைமேல் நிறுத்தி, ஒரு விரலால் என் பக்கமாகத் தள்ளினார். தொடுமுனைகள் மேசையில் உரசிய அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தள்ளிவிட்டுச் சொன்னார்: "வேறு கம்பெனி லென்ஸ் வாங்கினால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் சார். உழைக்க வேண்டுமென்றால் கேமரா கம்பெனியின் லென்ஸையே வாங்கியிருக்க வேண்டும்."

அவர் சட்டையில் இருந்தது உங்கள் நிறுவனத்தின் பெயர்.

என் நண்பர்கள் எல்லோரும் இதையேதான் வாங்கும்போது சொன்னார்கள். அவர்களோடு நான் வாதாடினேன். மூன்றாம் தரப்பு லென்ஸ் என்றால் பிளாஸ்டிக், நாலு மாதத்தில் ஆடும் என்ற காலம் போய்விட்டது, இப்போது பித்தளை மவுண்ட் வருகிறது, தூசி புகாத ரப்பர் வளையம் வருகிறது, கூர்மையில் அசல் லென்ஸுக்குக் குறைவில்லை என்று உங்களுக்காக நான் பேசினேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் உங்கள் லென்ஸ்களை வாங்கினார்கள். இன்று அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஊழியர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி."

சரி, பழுதுபார்த்தார்களே, அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? 47 நாள் கழித்து லென்ஸ் வந்தது. பிழைச் செய்தி போய்விட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள் எடுத்த குழுப் படத்திலேயே வலது ஓரத்தில் நிற்பவர்களின் முகம் கலங்கியிருந்தது. நான்தான் சரியாகக் குறிவைக்கவில்லையோ என்று நினைத்து, கேமராவை முக்காலியில் வைத்து ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்தேன். இடது பக்கம் செங்கல்லின் சொரசொரப்பு வரை தெரிகிறது, வலது பக்கம் பூச்சுப் பூசியதுபோல் இருக்கிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை எடுத்தேன். கலங்கல் சுவரின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. அதாவது கோளாறு சுவரிலும் இல்லை, நான் நின்ற கோணத்திலும் இல்லை. அதே பாடியில் வேறொரு லென்ஸைப் போட்டால் நான்கு மூலையும் தெளிவு. உள்ளே உள்ள கண்ணாடித் தொகுதி மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கிறது. இதைச் சொல்ல மீண்டும் ஒரு நாளைச் செலவழித்து வந்தேன். பத்து நிமிடம் உள்ளே கொண்டுபோய்விட்டு, "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த அளவு என்ன என்று கேட்டேன். அது உள் விவரமாம்.

இனி இதை வைத்துத் தொழில் செய்ய முடியாது, இருக்கும் குறையைச் சொல்லியே விற்றுவிடலாம் என்று முடிவுசெய்தேன். அங்கேதான் நீங்கள் செய்த பெரிய அநியாயம் தெரிந்தது. பழைய லென்ஸ் வாங்கும் வியாபாரி என் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்ன டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துத் தூசி, பூஞ்சை, மங்கல் இருக்கிறதா என்று பார்த்தார். ஜூம் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்பினார். மவுண்டின் திருகுகளில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கடைசியாகக் குழலின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் படித்து, பெட்டியைப் பார்த்து, பில்லைப் பார்த்து, மீண்டும் குழலைப் பார்த்தார். பெட்டியிலும் பில்லிலும் ஒரே எண். லென்ஸில் வேறு எண்.

"இது உங்களுடைய லென்ஸ்தானா?" என்று கேட்டார்.

பழுதுபார்க்கும்போது எண் பொறித்த வெளிக்குழலையே மாற்றியிருக்கிறீர்கள். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. ரசீதில் "உதிரிபாகம் மாற்றப்பட்டது" என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. எந்தப் பாகம், பழைய எண் எது, புதிய எண் எது, ஒன்றும் இல்லை. திருட்டுப் பொருளை விற்க வந்தவனைப்போல அந்தக் கடையில் நின்றேன். சுற்றி நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு அவமானத்தை நான் அடைந்ததில்லை. அடுத்து இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் வாங்க மறுத்தார். இன்னொருவர் உதிரிபாகத்துக்காக வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்று, வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராத தொகையைச் சொன்னார். அதே வயதுள்ள, ஏறத்தாழ அதே வேலை செய்த, கேமரா கம்பெனியின் லென்ஸ் அதே அலமாரியில் பாதி விலைக்கு மேல் எழுதி வைக்கப்பட்டிருந்தது. இதை நம்பி நான் போட்டிருந்த திட்டமெல்லாம் போனது. என் தொழிலின் முதுகெலும்பை முறித்துவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது முன் கடிதங்களில் இல்லை. அதே மவுண்டில் வந்த புதிய பாடியில் இந்த லென்ஸைப் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் முகத்தைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைகிறது. லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை நீங்கள் இதற்குக் கடைசியாக வெளியிட்டது நான் வாங்குவதற்கு முன்பு. கேமரா கம்பெனி தன் பாடியை மாற்றிக்கொண்டே போகும். அதோடு பேசும் முறையை லென்ஸுக்கு அவ்வப்போது கற்றுக்கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. சோனி தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களைப் பிற நிறுவனங்களுக்கு 2011ஆம் ஆண்டிலேயே திறந்துவிட்டது. லென்ஸ் வாங்கியவர் வீட்டிலிருந்தே ஃபர்ம்வேர் ஏற்றிக்கொள்ள லென்ஸ் நிறுவனமான சிக்மா 2013இல், லென்ஸைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி டாக் என்ற கருவியைக் கொண்டுவந்தது. வேறு கேமராவுக்கு மாறுகிறவர்களுக்காக மவுண்டையே மாற்றித் தரும் சேவையையும் அதே ஆண்டில் தொடங்கியது. உங்கள் தொழிலில் உள்ள மற்றவர்களால் முடிந்தது இது. வாங்குகிறவர் பழைய லென்ஸில் முதலில் கேட்பதே, "என் பாடியில் ஓடுமா?" என்பதுதான். ஃபர்ம்வேர் நின்றுபோன லென்ஸுக்குப் பதில் சொல்ல முடியாமல் விற்பவர் நிற்கிறார்.

நான் சண்டைக்காரன் இல்லை. உங்கள் லென்ஸில் எடுத்த நல்ல படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, அந்த மரியாதையில்தான் நான்காவது முறையும் எழுதுகிறேன். லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாங்கிய தொகையையும் பழுதுபார்க்கக் கட்டிய தொகையையும் தாருங்கள். அது முடியாது என்றால், நான்கு மூலையும் தெளிவாக வரும் லென்ஸ் ஒன்றைப் புதிய பில்லோடும் புதிய வாரண்டியோடும் தாருங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், வரிசை எண் உங்கள் மையத்தில் மாற்றப்பட்டது என்று முத்திரையிட்ட கடிதம் ஒன்று எனக்கு உடனே வேண்டும். அதைத் தர எந்த உதிரிபாகத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் கையெழுத்திட்ட பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அழைப்புகளின் தேதிகள், ஐந்து பயணங்களின் டிக்கெட்டுகள், செங்கல் சுவர்ப் படங்கள், எண் பொருந்தாத பில் எல்லாம் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. அந்தக் கோப்பை அங்கே திறக்கும் நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பழுதுபார்க்கக் கொடுத்தபோது லென்ஸோடு இருந்த பின்மூடி திரும்பி வரவில்லை. ரசீதில் "மூடிகள் 2" என்று உங்கள் ஊழியரே எழுதியிருக்கிறார். அதையும் அனுப்பிவையுங்கள்.