ஹால்ஸ்டாட்டில் ஓர் இரவாவது தங்க விடுங்கள்

ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் பயணத் திட்டங்களில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பெரும்பாலும் ஒரே வரிதான். சால்ஸ்பர்க்கிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற வழியில் படம் எடுக்க ஒரு நிறுத்தம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். கிடைத்தது ஒன்றரை மணி நேரம். ஏரியும் தேவாலயக் கோபுரமும் சேர்ந்து தெரியும் அந்த முனைவரை கூட்டத்தோடு நடந்தோம், படம் எடுத்தோம், கழிப்பறை வரிசையில் நின்றோம், பேருந்துக்கு ஓடினோம். வீட்டுக்கு வந்து யோசித்தால் நெரிசலைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. மனசு கேட்காமல், பிறகு ஒரு முறை நானாகப் போய் மூன்று இரவு தங்கினேன். அதனால்தான் இந்த மடல்.

ஐரோப்பிய இரும்புக் காலத்தின் தொடக்கத்துக்கு, ஏறத்தாழ கி.மு. 800 முதல் 450 வரை, தொல்லியலில் இந்தச் சின்ன ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் உப்பு. ஊருக்கு மேலே மலைக்குள் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு மரப் படிக்கட்டின் மரங்கள் கி.மு. 1344இல் வெட்டப்பட்டவை என்று மர வளையங்களை எண்ணிச் சொல்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் அந்த மரம் மக்காமல் இருப்பதும் உப்பால்தான். முதுகில் உப்புச் சுமந்தவர்களின் தோல் பைகள்கூடக் கிடைத்திருக்கின்றன. மேலே போய்ச் சுரங்கத்தைப் பார்த்து இறங்க அரை நாள் வேண்டும். உங்கள் பேருந்தில் வருகிற யாராலும் அது முடியாது.

அப்புறம், கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டிய அந்தச் சிறிய எலும்பு அறை. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. இறந்தவர்களைப் புதைக்கவும் இடம் போதவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்புகளை எடுத்துச் சுத்தம் செய்து, மண்டையோட்டின் மேல் பெயரையும் பூவையும் இலையையும் வரைந்து அடுக்கி வைத்தார்கள். அங்கே ஆயிரத்துக்கு மேல் மண்டையோடுகள் இருக்கின்றன. அறுநூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஓவியம் உண்டு. ஒரே குடும்பத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். பயமே வரவில்லை எனக்கு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்தவரின் நெற்றியில் பொறுமையாக இலை வரைந்திருக்கிறார் என்ற நினைப்பே வெகுநேரம் என்னை அங்கே நிறுத்தி வைத்தது. முதல் முறை வந்தபோது அந்த வாசலைத் தாண்டிப் போயிருந்தேன் என்பது வேதனையாக இருந்தது.

சாயங்காலம் பேருந்துகள் கிளம்பியதும் ஊரின் சத்தமே மாறிவிடுகிறது. கரையில் தண்ணீர் மோதுவது கேட்கும். ஊர்க்காரர்கள் வெளியே வந்து, நின்று பேசிக்கொள்கிறார்கள். பகலில் அவர்களைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

ஏறக்குறைய எழுநூற்றைம்பது பேர் வாழும் ஊரில், கூட்டம் மிகுந்த நாட்களில் பத்தாயிரம் பேர் வரை இறங்குகிறார்கள். 2023 மே மாதம், படம் எடுப்பவர்களின் இரைச்சல் தாங்காமல் அந்த முனையில் மரத்தடுப்பு வைத்து, எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், தினசரி வருகைக்கு வரம்பு வேண்டும், மாலை ஐந்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரக்கூடாது என்று ஊர்மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவு தங்குகிறவர் ஊருக்குத் தங்கல் வரி கட்டுகிறார், விடுதி நடத்தும் குடும்பத்துக்கு வருமானம் தருகிறார். ஒன்றரை மணி நேரத்தில் ஓடுகிறவர் விட்டுப்போவது பெரும்பாலும் நெரிசலைத்தான். ஐ.நா.வின் சுற்றுலாப் புள்ளிவிவர விதிப்படி, ஓர் இரவாவது தங்கினால்தான் ஒருவர் சுற்றுலாப் பயணி. இல்லையென்றால் ஒரு நாள் வருகையாளர். சுற்றுலா என்று பணம் வாங்கும் நீங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு அங்கே அறை கிடைப்பது கடினம் என்பீர்கள். சரி, உண்மைதான். ஏரியின் தென்கிழக்குக் கரையில் ஓபர்ட்ரவுன் இருக்கிறது, வடக்கே பாட் கோய்சர்ன் இருக்கிறது. இரண்டையும் ஹால்ஸ்டாட் ரயில் நிலையத்தோடு இணைக்கும் ரயில் பாதை உண்டு. நிலையத்தில் இறங்கிப் படகில் ஏரியைக் கடந்தால் ஊர். பேருந்து ஊருக்குள் வரவே தேவையில்லை. வாடிக்கையாளர்கள் நிறைய நாடுகளைக் கேட்கிறார்கள் என்றும் சொல்வீர்கள். பத்து நாளில் ஆறு நாடு என்று விளம்பரம் செய்தால் அதைத்தான் கேட்பார்கள். ஒரு நாட்டைக் குறைத்து, இரண்டு இரவு தங்கும் திட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைத் தேர்ந்தெடுக்க ஆள் இருக்கிறார்கள். நானே முதலில் பெயர் கொடுப்பேன்.

அதுவும் முடியாது என்றால், அந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வைத்திருப்பதானால், எத்தனை நிமிடம் நிற்பீர்கள் என்பதை முன்பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். எனக்கு அது பேருந்தை விட்டு இறங்கும்போதுதான் தெரிந்தது.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒருவரின் பேருந்தில் வந்த பயணி