சம்பள மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் சம்பளம், கணக்கு மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில், தோட்டங்களுக்கு ஆள் வைத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டிக் கொடுக்கும் ஒரு கொன்ட்ராக்டர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். உங்களில் பலருடைய தாத்தா பாட்டி விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் மென்பொருளில் இப்போது ஏஐ ஏஜென்ட் இருக்கிறது. "போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் போடு" என்று தட்டினால், வேண்டிய டூலை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் எழுதி வைத்த சின்ன நிரலை, அதுவே தேடி எடுத்துக் கணக்குப் போட்டுவிடும். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது எந்த டூலை எடுக்கும் என்பது நீங்கள் அந்த டூலுக்கு எழுதி வைத்த விளக்கத்தைப் பொறுத்தது. அங்கேதான் எங்களுக்கு அடி விழுந்தது.

ஒரு பையன் 18ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தான். 31 நாள் மாதம், மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 18 முதல் 31 வரை 14 நாள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி, முழுதாக வேலை செய்யாத மாதத்துக்கு அந்த மாதத்தின் நாள்களால் வகுக்க வேண்டும். 31ஆல் வகுத்து 14ஆல் பெருக்கினால் 767 ரிங்கிட் 74 சென். ஏஜென்ட் 26ஆல் வகுத்து 915 ரிங்கிட் 38 சென் போட்டது. 26 என்பதும் அதே சட்டத்தில் இருக்கிற எண்தான். 60ஐ (60I) என்ற பிரிவில், ஓவர்டைமுக்கு அடிப்படையான ஒரு நாள் சம்பளத்துக்காக வருவது. இடம் மாறிப் போய்விட்டது.

நானும் கவனிக்காமல் விட்டேன். கூடுதலாகப் போன 147 ரிங்கிட் 64 சென் தொகையை மறுமாதச் சம்பளத்தில் பிடித்தோம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன் அக்கா?" என்று கேட்டான். முதல் சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

அந்த டூலின் விளக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் மூன்றே சொல். தமிழில் சொன்னால், "தினச் சம்பளத்தைக் கணக்கிடும்." அவ்வளவுதான்.

புதிதாக வந்த கிராணிக்கு (அலுவலக எழுத்தருக்கு) பக்கத்து மேசைக்காரர் சொல்லித் தருவார். கிராணியும் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் வேலையாட்களை மேய்க்கும் மண்டோரைக் கேட்பார். ஏஜென்ட் டூலைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது அதன் பெயர், விளக்கம், உள்ளே கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல். எங்கள் அலுவலக வழக்கம் எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே அந்த டூலுக்கு நானே ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன்:

"சாதாரண ஒரு நாள் சம்பளத்தைத் தரும்: மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கும். ஓவர்டைம், ஓய்வு நாள், பொது விடுமுறை வேலைக் கணக்குக்கு எடு. மாத நடுவில் சேர்ந்தவர், விலகியவர், சம்பளமில்லா விடுப்பில் போனவர் ஆகியோருக்கு இதை எடுக்காதே. அவர்களுக்கு 'குறைமாதச் சம்பளம்' டூலை எடு. தொகை ரிங்கிட்டில். கணக்கை மட்டும் சொல்லும், எதையும் பதிவு செய்யாது."

"இதை எடுக்காதே" என்ற வரிதான் அந்தப் பையனின் சம்பளத்தைக் காப்பாற்றியிருக்கும். ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு டூல் இருந்தால் இரண்டிலும் அந்த வரி வேண்டும்.

அப்புறம், "எடை" என்று மட்டும் ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். எங்கள் லாரிச் சீட்டில் எடை கிலோவில் வருகிறது. வெட்டுக்கூலி டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கிலோவா டன்னா என்று எழுதிவிடுங்கள், பெயரிலேயே "எடை கிலோவில்" என்று வைத்தால் இன்னும் நல்லது. ஆளைத் தேடும் டூலில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி போட்டு அப்பா பெயர் வருகிறது. ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் அலுவலகம் இது. மைகார்டு (அடையாள அட்டை) எண்ணைக் கேளுங்கள். 12 இலக்கம், நடுவில் கோடு வேண்டுமா வேண்டாமா என்பதையும் சொல்லுங்கள்.

இன்வாய்ஸ் ரத்து செய்யும் டூலுக்கும் இதே கதைதான். வருமான வரி வாரியத்தின் மின்-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் சரிபார்த்து முடிந்த 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம்; தாண்டினால் கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) மாதிரி வேறு வழியில்தான் சரிக்கட்ட வேண்டும். விளக்கத்தில் இது இல்லாததால் ஏஜென்ட் அதே டூலைத் திரும்பத் திரும்ப அழைத்தது. திரும்பி வந்த பதிலோ வெறும் "தோல்வி". "72 மணி நேரம் கடந்துவிட்டது, கிரெடிட் நோட் டூலை எடு" என்று பதில் வந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏஐயை டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறையில் டூல் எழுதுகிறவர்களாக இருந்தால், இது படிக்க மட்டும், இது உள்ளதை அழிக்கக்கூடியது என்று குறித்து வைக்க இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். அந்தக் குறிப்பு மட்டுமே காவல் ஆகிவிடாது; பணம் வெளியே போகிற இடத்தில் ஒரு மனிதர் பார்த்துச் சரி சொல்லும் ஒரு படிநிலை இருக்கட்டும்.

பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. நான்கைந்து வரி போதும். ஆனால் எழுதும்போது சம்பளக் கணக்கு பார்க்கும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு டூல் குழம்பும் என்று எங்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு மாதமும் அதில்தான் முட்டிக்கொள்கிறோம்.

சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் போயாக வேண்டும், அதுவரை எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. 8ஆம் தேதிக்கு மேல் எந்த நாள் வந்தாலும் அலுவலகத்தில் இருப்பேன். பெயரை மறைத்துப் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைக்கிறேன். குறைமாதச் சம்பள டூலிலிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் அக்கா